அண்ணாந்து குடித்தவர்

அப்பா தண்ணீர் குடிக்கிற அழகைப் பார்க்கவென்றே சிறுவயதில் அவருடைய பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஓடுகிற அரசு பஸ். பாவூர்சத்திரம் தாண்டி வண்டி வேகமெடுத்ததும் இடுப்பைக் கம்பியில் சாய்த்து, தோல் பையைப் பின்னால் தள்ளிவிட்டு, பாட்டிலை வாய்க்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடிப்பார். கழுத்து பின்னால் சாயும். தண்ணீர் கயிறு மாதிரி இறங்கும். பள்ளத்தில் வண்டி குதித்தாலும் காக்கிச் சட்டையில் ஒரு சொட்டு விழாது. வீட்டில் அவர் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் ஒன்று உண்டு. அதன் விளிம்பு அவர் உதட்டில் பட்டு நான் பார்த்ததில்லை. வாய் வைத்துக் குடிக்கிற எங்களை 'கன்னுக்குட்டிகளா' என்பார்.

2018 ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த ஒரு காலையில், தலை சுற்றுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தார். வாந்தி எடுத்தார். பிறகு விக்கல் பிடித்தது. எழுந்து நடந்தபோது உடம்பு இடது பக்கமாகவே சாய்ந்தது. கையும் காலும் நன்றாக அசைந்தன, வாய் கோணவில்லை. அதனால் எங்களில் யாருக்கும் வாதம் என்று தோன்றவில்லை. பித்தம் என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா. சோடா வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு அம்மா கொடுத்தாள். பாதி மூக்கு வழியாக வந்துவிட்டது.

அந்த ஒரு வாய் சோடாவை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. நம் ஊரில் ஒருவர் சுருண்டு விழுந்தால் முதலில் ஓடிவருவது சோடாவும் தண்ணீரும்தான். விழுந்தவருக்கு விழுங்க வருமா என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

முதலில் காட்டிய இடத்தில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மாலைக்குள் அப்பாவின் குரல் கம்மி, கிசுகிசுப்பாகிவிட்டது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வேஷ்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார். இரவு எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் திருநெல்வேலியில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கட்டியைக் கரைக்கிற ஊசி போடுவதற்கான நாலரை மணி நேரம் அதற்குள் எப்போதோ கடந்திருந்தது.

மூளையின் அடித்தண்டில், முகுளம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்போமே, அதன் இடது ஓரத்தில் ரத்தம் போகாமல் ஒரு சிறு இடம் பட்டுப்போயிருந்தது. படத்தில் பார்த்தால் உளுந்து அளவுதான் இருக்கும். இந்த வகைப் பக்கவாதத்தை 1895இல் விவரித்து எழுதிய ஜெர்மன் மருத்துவர் வாலன்பெர்க்கின் பெயரால்தான் இன்றும் சொல்கிறார்கள். கை கால் விழாது. ஆனால் விழுங்குவதை நடத்துகிற நரம்புக் கூட்டம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாய் தண்ணீர் இறங்க ஏறத்தாழ 30 ஜோடித் தசைகள் ஒரு விநாடிக்குள் வரிசை தவறாமல் வேலை செய்ய வேண்டுமாம். அண்ணம் உயர்ந்து மூக்கை அடைக்க வேண்டும், சங்கு மேலேறி மூச்சுக்குழலை மூட வேண்டும், உணவுக்குழலின் வாசல் திறக்க வேண்டும். அப்பாவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

இன்னொரு விசித்திரமும் இருந்தது. இடது பக்க முகத்திலும் வலது பக்க உடம்பிலும் சூடு தெரியவில்லை. கொதிக்கிற டம்ளரை வலது கையில் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா பதறிப் பிடுங்கினாள்.

மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டார்கள். ஜான் ரைல் என்ற ஆங்கில மருத்துவரின் பெயர் அது. அப்பா அதை ரயில் டியூப் என்றே சொன்னார். "முப்பத்தோரு வருசம் பஸ்ஸுல போனவனுக்குக் கடைசில ரயிலு" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 200 மில்லி: பால், வடிகட்டிய கஞ்சி, பருப்புத் தண்ணீர், இளநீர். ஊற்றும்போதும், ஊற்றி முடித்து அரை மணி நேரமும் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மாத்திரையைத் தூளாக்கிக் கொடுத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிட்டது.

பழகாதது எச்சில். மனிதனுக்கு ஒரு நாளில் சுமார் 1 லிட்டர் எச்சில் ஊறுகிறது. நாம் அறியாமலே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அப்பா அத்தனையையும் துப்ப வேண்டியிருந்தது. கையில் எப்போதும் ஒரு டப்பா, தோளில் ஒரு துண்டு. இரவில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க மாட்டார். யார் வீட்டுப் பாத்திரத்திலும் உதடு பட்டுவிடக் கூடாது என்று ஆயுள் முழுக்க அண்ணாந்து குடித்தவர், தன் எச்சிலைத் தானே கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தவர்கள் முன்னால் அந்த டப்பாவைத் துண்டால் மூடி வைப்பார்.

பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் டியூப் வழியாக உணவு என்று ஒரு வரி எழுதியிருந்தது. விழுங்குவதற்குப் பயிற்சி என்று ஒன்று உண்டு, அதற்கென்று படித்தவர்கள் உண்டு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்றுவரை அதில் மனக்குறை உண்டு.

ஜூலை நடுவில் ஒரு மாலை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்காகக் காப்பி போட்டுக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு வாய். நான் மாட்டேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வருடம் காலையும் மாலையும் காப்பி குடித்த மனிதர், ஆறு வாரமாக நாக்கில் எதுவும் படவில்லை. இரண்டு ஸ்பூன் கொடுத்தேன். காத்திருந்தேன். இருமவில்லை. புரை ஏறவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. "பாத்தியாலே, ஒண்ணும் செய்யல" என்று கிசுகிசுத்தார். இன்னும் இரண்டு ஸ்பூன் கொடுத்தேன்.

புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுகிற ஊர்க்காரன் நான். புரை ஏறாவிட்டால் சரியான வழியில்தான் போயிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் நாள் குளிர் காய்ச்சல், மூச்சிரைப்பு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. நிமோனியா.

இந்தத் தடவை வேறொரு ஆஸ்பத்திரி. அங்கேதான் அந்தப் பெண்ணைச் சந்தித்தோம். இருபத்தைந்து வயது இருக்கும். ஸ்பீச் தெரபிஸ்ட் என்றார்கள். பேச்சு வராத பிள்ளைகளுக்குத்தானே என்று நினைத்தேன். அவர் வந்ததும் அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் கேள்வி என்னிடம்: "பல் விளக்கி விடுறீங்களா?"

"வாய்வழியா ஒண்ணுமே சாப்பிடலையே?"

"அதனாலதான் கேக்கேன். சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் அழுக்காகும். அந்த எச்சில்தான் நுரையீரலுக்குள்ள இறங்குது."

காப்பி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காப்பியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, ராத்திரியில் இறங்குகிற எச்சிலாலேயே வந்திருக்கலாம் என்றார். டாக்டரும் அதையே சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஆகஸ்டில் மூக்கு வழியாகக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் அப்பாவின் தொண்டையைப் பார்த்தேன். நாக்குக்குப் பின்னால் வெற்றிலைக் கொழுந்து மாதிரி ஒரு மடல், அதற்குக் கீழே இரண்டு வெள்ளை நாடாக்கள். அவை குரல் நாண்கள். இடது நாண் அசையவில்லை. இரண்டு பக்கமும் சிறு பள்ளங்கள். இடது பள்ளத்தில் எச்சில் குளம் கட்டி நின்றது. பச்சைச் சாயம் கலந்த தண்ணீர் அரை ஸ்பூன் கொடுத்தார்கள். விழுங்குகிற கணத்தில் திரை முழுக்க வெளுத்துப் போனது. தொண்டை சுருங்கிக் கேமராவை மூடிக்கொள்வதால் அப்படியாகுமாம். மறுபடி தெளிந்தபோது இடது பள்ளம் பச்சையாக நிரம்பி, அங்கிருந்து ஒரு கோடு மெல்ல வழிந்து, நாண்களுக்கு நடுவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சுக்குழலுக்குள். அப்பா அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"உள்ள போயிட்டு. அவங்களுக்குத் தெரியல" என்றார் தெரபிஸ்ட்.

நான் பச்சையைப் பார்க்கவில்லை. காப்பியைத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் ஒன்று செய்தார். அப்பாவின் முகத்தை இடது தோள் பக்கம் முழுக்கத் திருப்பி, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, அதே அரை ஸ்பூனைக் கொடுத்தார். இந்த முறை பச்சை வலது பக்கமாக ஓடி, முக்கால்வாசி உணவுக்குழலுக்குள் போய்விட்டது. பழுதான பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் மடிந்து அடைபடும், நல்ல பக்கம் மட்டும் வழிவிடும். இவ்வளவுதான் சூட்சுமம். அப்பா முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு. நம் பஸ்களில் படிக்கட்டு இடது பக்கம். வாழ்நாள் முழுக்க இடது பக்கம் திரும்பி, எல்லோரும் இறங்கியாயிற்றா என்று பார்த்துத்தானே விசில் கொடுத்தார். "எறங்கியாச்சா, டீச்சர்?" என்றார். அன்றிலிருந்து அந்தப் பெண் டீச்சர்தான்.

அவர் திருத்த வேண்டியிருந்ததில் பெரியது அண்ணாந்து குடிக்கிற பழக்கம். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழல் வாய் பிளந்துகொண்டு நிற்கும், தண்ணீர் நாம் விழுங்குமுன்னே இறங்கிவிடும் என்றார். நல்ல தொண்டைக்காரர்கள் அதையும் சமாளித்துவிடுகிறோம், அவ்வளவுதான். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, வெறும் டம்ளரை உதட்டில் வைத்து, குனிந்து குடிக்கப் பழக்கினார். காலியான டம்ளர்தான். ஆனாலும் அப்பாவின் கை தானாக உயர்ந்து உயர்ந்து போனது. ஒரு வாரம் ஆயிற்று.

பயிற்சிகள் பார்க்க ஒன்றுமில்லாதவை போலிருக்கும். தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோள் எழும்பாமல் தலையை மட்டும் தூக்கிக் கால் விரலைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் பிடித்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மூன்று முறை. பிறகு முப்பது முறை தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம். ரேசா ஷேக்கர் என்ற அமெரிக்க மருத்துவர் கண்டது, உணவுக்குழல் வாசலைத் திறக்கிற தசைகளை உரமேற்றுவதற்கு. முதல் நாள் அப்பாவால் 12 விநாடிதான் முடிந்தது. இன்னொன்று, விழுங்கும்போது சங்கு மேலே ஏறுமே, அதை அங்கேயே இரண்டு விநாடி நிறுத்தி வைப்பது. நீங்கள் இப்போதே எச்சிலை விழுங்கிச் செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டமென்று தெரியும். அப்பா தன் விரலைச் சங்கில் வைத்துக்கொண்டு, அது நழுவிக் கீழே இறங்குகிறபோதெல்லாம் ஏதோ பயணி டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிட்ட மாதிரி முறைப்பார்.

பழைய விசிலை எடுத்து ஊதச் சொல்லலாமா என்று நான் கேட்டேன். ஊதிப் பார்த்தார், அண்ணம் சரியாக மூடாமல் காற்று மூக்கு வழியாகக் கசிந்தது. டீச்சருக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. "ஊதினா ஊதத்தான் வரும். விழுங்குறதுக்குப் பயிற்சி விழுங்குறதுதான்" என்றார். சினிமாவாக இருந்தால் அந்த விசில் கடைசிக் காட்சியில் ஒலித்திருக்கும். எங்கள் வீட்டில் அது மறுபடி டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று.

வயிற்றில் சிறு துளை போட்டு நேரடியாக டியூப் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். வயிற்றில் ஓட்டை போட்டால் பிறகு வாயால் சாப்பிடவே மாட்டோம் என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். அது தவறு. தேவை தீர்ந்தால் எடுத்துவிடலாம். மூக்கு டியூப் உருவிக்கொண்டு மறுபடி மறுபடி போட்ட வேதனையை நினைத்தால், ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றே இப்போது சொல்வேன்.

அம்மாவின் ராஜ்யம் பதம். கெட்டியாகக் கொடுத்தால் பத்திரம் என்பது பலருக்குச் சரி, அப்பாவுக்கு முழுக்கச் சரியில்லை. கெட்டியாக இருந்தால் திறக்காத வாசலில் தேங்கும், நீர்த்திருந்தால் மூச்சுக்குழலுக்கு ஓடும். நடுவே ஒரு பதம் வேண்டும். அதை அளக்க, ஊசி இல்லாத சிரிஞ்சில் 10 மில்லி நிரப்பி, அடியில் விரலை எடுத்து, 10 விநாடி கழித்து மூட வேண்டும். மிச்சம் 4 மில்லிக்குக் குறைவென்றால் நீர்ப்பு. 4க்கும் 8க்கும் நடுவே நின்றால் அப்பாவுக்கு ஆகும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். உலகம் முழுக்க இப்போது இந்த அளவுதானாம். இரண்டு நாள் அம்மா சிரிஞ்சு பிடித்தாள். மூன்றாம் நாள் கரண்டியைத் தூக்கி ஒழுக விட்டுப் பார்த்து, "ஆறு நிக்கும்" என்றாள். சிரிஞ்சில் ஆறு நின்றது.

ஆனால் கைப்பழக்கத்துக்கும் சோதனை வந்தது. சூட்டில் ஆறு நின்ற கஞ்சி ஆறியதும் ஒன்பதில் நின்றது. அப்பா தின்று வளர்ந்த உளுந்தங்களி மிருதுவாகத்தானே இருக்கிறது என்று அம்மா கேட்டாள். டீச்சர் ஸ்பூனைக் கவிழ்த்துக் காட்டினார். கட்டியாக நழுவி விழ வேண்டும், களியோ ஒட்டிக்கொண்டு நின்றது. தொண்டையிலும் அப்படித்தான் நிற்கும். ரசம் சாதமும் சாம்பார் ஊற்றிய இட்லியும் எல்லாவற்றிலும் மோசம். ஒரே வாயில் இரண்டு பதம், பருக்கை ஒரு வேகத்திலும் நீர் இன்னொரு வேகத்திலும் போகும். ஒன்றை மட்டும் அம்மா டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்தாள்: வாயில் வைத்த ஸ்பூனை மறுபடி கிண்ணத்தில் விட்டால் கஞ்சி நீர்த்துவிடும். எச்சில் பட்ட மாவுப் பண்டம் நீர்த்துப்போவது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். டீச்சர் தலையாட்டி, எச்சிலில் மாவைக் கரைக்கிற என்சைம் இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு சின்னச் சின்னக் கிண்ணங்களில் பிரித்து வைத்தாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம். பல் விளக்கி வாயைச் சுத்தம் செய்த பிறகு, டீச்சர் முன்னிலையில் ஒரு ஸ்பூன் வெறும் தண்ணீர். அப்பா அவசரத்தில் முகத்தைத் திருப்ப மறந்துவிட்டார். அடுத்த கணம் முகம் சிவக்க, கண்ணில் நீர் வழிய, அறையே அதிர இருமினார். நான் எழுந்துவிட்டேன். அம்மா ஓடிவந்து, பழக்கதோஷத்தில் அவர் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்காங்க, யாரோ நினைக்காங்க" என்றாள். டீச்சர் மட்டும் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இருமல் வந்துட்டு! அப்பா, இருமல் வந்துட்டு!"

மூன்று மாதமாக உள்ளே எது இறங்கினாலும் சத்தமே போடாமல் இருந்த காவல்காரன் விழித்துக்கொண்டான். அன்று மாலை நான் காப்பி குடிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மா சொதி வைத்தாள். தேங்காய்ப் பாலில் உருளைக்கிழங்கை மசித்து அரைத்து, இரண்டு தடவை வடிகட்டி, சிரிஞ்சில் ஏழு நிற்கிற சொதி. அப்பா இடது பக்கம் திரும்பினார், தாடையை இறக்கினார், அரை ஸ்பூனை வாயில் வாங்கினார், சங்கைப் பிடித்து நிறுத்தினார். விழுங்கிய பிறகு குரலில் ஈரம் தட்டுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு தடவையும் 'ஆ' என்று சொல்ல வேண்டும். அப்பா பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்வதுபோல் "ஆலங்குளம்" என்றார். குரல் காய்ந்து, தெளிவாக இருந்தது. சொதி எப்படி என்று அம்மா கேட்டாள்.

"உப்பு கம்மி."

நவம்பரில் டியூப்பை எடுத்தார்கள். ஒரே நாளில் நடந்துவிடவில்லை. வாயால் போதுமான அளவு சாப்பிட்டு எடை குறையாமல் நிற்கிறாரா என்று மூன்று வாரம் பார்த்த பிறகுதான். அதுவரை நெல்லைக்குப் பயிற்சிக்குக் கார் வைத்துக்கொண்டு போனோம். மூக்கில் குழாயோடு பழைய கூட்டாளிகள் ஓட்டுகிற பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றிருந்தார். டியூப் எடுத்த மறுநாள் பஸ்ஸில் போனோம். சீதபற்பநல்லூர் தாண்டியதும் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஓடுகிற வண்டியில் குடிக்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு.

2019 பொங்கலுக்குக் குழைந்த சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார், முந்திரியை ஒதுக்கிவிட்டு. எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. குரல் கொஞ்சம் கம்மியே நின்றுவிட்டது. அவல் மிக்சரும் வறுத்த கடலையும் கிடையாது. சாப்பிடும்போது பேசக் கூடாது, டி.வி. பார்க்கக் கூடாது. தண்ணீர் குடிக்க இப்போதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். பெயர் வெட்டிய டம்ளரை உதட்டில் வைத்துத்தான் குடிக்கிறார். என் மகள் அவரைக் கன்னுக்குட்டித் தாத்தா என்கிறாள்.

அந்த வைகாசியில் பாவூர்சத்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பா தண்ணீர் குடிக்கத் திரும்பியபோதெல்லாம், இடது இலைக்காரர் தன்னிடம்தான் ஏதோ கேட்க வருகிறார் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தார். அப்பா பதில் சொல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டு விழுங்கி, முடித்ததும் "ஆலங்குளம்" என்றார். அவர் பாவம், தன் ஊர் ஆலங்குளம் இல்லை என்று மூன்று தடவை விளக்கினார்.

அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் அப்பாவுக்கு இடது கோடி இலைதான்.